ஏர்வாடி என்ற சொல்லுக்கு அஞ்சி



நம் இராமநாதபுரக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த எவருக்கும் ‘ஏர்வாடி’ என்ற பெயரை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கீழக்கரையிலிருந்து சில மைல் தொலைவில், சுல்தான் ஸையித் இப்ராஹீம் ஷஹீத் பாதுஷா நாயகம் அவர்கள் அடங்கியிருக்கும் தலம் அது. ஆயினும் நம் வீடுகளில் இன்று அப்பெயர் எந்தப் பொருளில் வழங்கி வருகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பிள்ளை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால், “இவனை ஏர்வாடிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்” என்கிறோம். சொல்கிறவருக்கு அது விளையாட்டுப் பேச்சு. கேட்கின்ற பிள்ளையோ, தன் மனத்தில் இருப்பதை வெளியே சொன்னால் தனக்கு எந்தப் பெயர் கிடைக்கும் என்பதை அந்தக் கணமே கற்றுக்கொள்கிறது. பிறகு அது வாய் திறப்பதில்லை.

கல்லூரி மாணவர்களின் மனத்துயர் குறித்து நாடு முழுதும் பேச்செழுந்திருக்கும் இக்காலத்தில், நம் ஊரில் அப்பேச்சை இந்த ஒரு சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

நாட்டு நிலைமையை முதலில் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட கணக்கின்படி, 2013ஆம் ஆண்டில் இந்தியாவில் 8,423 மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். 2023இல் அத்தொகை 13,892. பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்த கணக்கு இது. பத்தே ஆண்டுகளில் இவ்வளவு உயர்வு! படிப்பில் பின்தங்கியவர்கள்தாம் இப்படிச் செய்கிறார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நாட்டின் முதல்தரக் கல்விக்கூடம் என்று பெயர் பெற்ற சென்னை ஐ.ஐ.டி.யில், 2023ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களுக்குள் நான்கு மாணவர்களின் உயிர் இவ்வாறு பிரிந்தது. தந்தையர் கனவு காணும் வாசலுக்குள் நுழைந்துவிட்ட பிள்ளைகள் அவர்கள்.

இந்த நிலையில்தான் உச்ச நீதிமன்றம் 2025இல் இரண்டு முறை தலையிட்டது. மார்ச் 24 அன்று, உயர்கல்வி நிலையங்களில் மாணவர்களின் மனநலத்தை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி இரவீந்திர பட் அவர்களின் தலைமையில் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்து வந்த ஒரு மாணவியை இழந்த தந்தை தொடுத்த வழக்கில், பதினைந்து நெறிமுறைகளை வகுத்து வழங்கியது. நூறு பேரும் அதற்கு மேலும் படிக்கின்ற எந்தக் கல்வி நிலையமாயினும், முறையான பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்தியாக வேண்டும்; அதற்குக் குறைவாக உள்ளவை வெளியிலுள்ள மனநல வல்லுநரோடு தொடர்பு வைத்திருக்க வேண்டும்; ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆண்டுக்கு இரு முறையாவது இதில் பயிற்சி அளிக்க வேண்டும்; உதவித் தொலைபேசி எண்களை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்; மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளைகளைத் தனித்தனிக் கூட்டமாகப் பிரித்தல் ஆகாது. தனியார் கல்லூரிகளும் பயிற்சி நிலையங்களும் விடுதிகளும் இதற்கு விலக்கல்ல.

நம் தமிழக அரசும் 2022 டிசம்பரில் ‘மனம்’ என்ற பெயரில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. தேர்வில் தவறிய பள்ளிப் பிள்ளைகள் ஓர் ஆண்டை இழக்காமல் சில வாரங்களிலேயே மீண்டும் எழுதுவதற்குத் துணைத் தேர்வு முறையைக் கொண்டுவந்ததிலும் நம் மாநிலம் முன்னோடி. ஒரு தேர்வுத் தேதியை மாற்றி அமைப்பதுகூட உயிர்காக்கும் செயலாகும் என்பதை அதிலிருந்து உணரலாம்.

சட்டம் வந்துவிட்டது, இனி எல்லாம் நேராகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆலோசகர் என்ற பலகையை ஓர் அறைக்கு வெளியே மாட்டி, ஏற்கனவே பாடச்சுமையால் தளர்ந்திருக்கும் பேராசிரியர் ஒருவரின் பெயரை அதில் எழுதிவிடுவது எளிது. அப்படியன்றி உண்மையிலேயே தகுதி வாய்ந்தவரை அமர்த்தினாலும், அந்த அறையின் வாசலை நம் பிள்ளை மிதிக்குமா என்பதுதான் கேள்வி. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம் கால்களைப் பின்னுக்கு இழுக்கும். இந்த அச்சத்தை நீக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. அதை விதைத்தவர்கள் நாம்.

நம் பிள்ளைகளின் துயரம் எத்தகையது? மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு உள்ளவை எல்லாம் இவர்களுக்கும் உண்டு. அவற்றோடு இக்கரைக்கே உரிய சிலவும் உண்டு. தலைமுறை தலைமுறையாக நம் ஆண்கள் கடல் கடந்து பொருளீட்டியவர்கள். வாப்பா வளைகுடா நாட்டில் இருப்பார். பிள்ளை அவரைக் கண்டு வளர்ந்தது கைப்பேசியின் திரையில். அவர் அனுப்பும் பணத்தில்தான் கல்லூரிக் கட்டணம். எந்தப் படிப்பு என்பதையும் பெரும்பாலும் அவரே அங்கிருந்து முடிவு செய்கிறார். 2011இல் சவூதி அரேபியா தன் நாட்டவருக்கு வேலையில் முன்னுரிமை தரும் நிதாகத் முறையைக் கொண்டுவந்த பிறகும், 2020இன் கொள்ளைநோய்க் காலத்திலும் எத்தனையோ பேர் பெட்டியோடு ஊர் திரும்பியதை இந்தப் பிள்ளைகள் கண்டிருக்கிறார்கள். ஆகவே, மூன்று பாடங்களில் தவறி ‘அரியர்’ வைத்திருக்கும் மகன், வாப்பா தொலைபேசியில் “எப்படிப் படிக்கிறாய்?” என்று கேட்கும்போது, “நன்றாகப் படிக்கிறேன்” என்றுதான் சொல்வான். வெயிலில் நின்று சம்பாதிப்பவரிடம் வேறெப்படிச் சொல்வது? அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒவ்வொரு வாரமும் இன்னொன்று. சுமை ஏறிக்கொண்டே போகிறது.

பெண்பிள்ளைகளின் நிலை வேறு. கீழக்கரையில் தாஸிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988இல் தொடங்கப்பட்ட பிறகு, உள்ளூரிலேயே பட்டம் பெறும் வாய்ப்பு நம் பெண்மக்களுக்குக் கிடைத்தது. எவ்வளவோ வீடுகளில் முதற்பட்டதாரி மகளாகவே இருந்தாள். அல்ஹம்து லில்லாஹ். ஆயின் இரண்டாம் ஆண்டுப் படிப்பின் நடுவே நிக்காஹ், மூன்றாம் மாதத்தில் மாப்பிள்ளை வெளிநாட்டுப் பயணம், அதற்குள் தேர்வு என்று வரும்போது, அந்தப் பதினெட்டு, பத்தொன்பது வயது மனம் என்ன பாடுபடும் என்று கேட்பார் இல்லை. சாப்பாடு இறங்காவிட்டால் ‘கண்ணேறு’ என்கிறோம். அழுதால் ‘மாப்பிள்ளை நினைப்பு’ என்று சிரிக்கிறோம். மருத்துவரிடம் போகலாம் என்று யாராவது சொன்னால், முதலில் எழும் கேள்வி, “வெளியே தெரிந்தால் தங்கச்சிக்குச் சம்பந்தம் வருமா?” என்பதுதான்.

இந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு அச்சம் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் ஒருவர் நடத்திய மனநோயாளர் காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட வழியின்றி 28 பேர் மாண்டார்கள். நம் கரையிலே, தொழுகைக்கு நாம் எழுந்திருக்கும் நேரத்திலே நடந்தது அது. சில நாட்களுக்குள் அத்தகைய காப்பகங்களை அரசு மூடி, 500க்கும் மேற்பட்ட நோயாளர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை ஏற்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எந்த வகையிலும் சங்கிலியிடுதல் கூடாது என்று திட்டமாகத் தடுத்துவிட்டது. தர்ஹாவை நாடி வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவர்கள் சிகிச்சையளிக்கும் ‘மருந்தும் துஆவும்’ என்ற ஏற்பாடும் பின்னாளில் வந்தது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். துஆவுக்காக வலிமார்களின் வாசலை நாடிச் செல்வோரைக் குறைகூற நான் எழுதவில்லை. துன்பத்தில் கையேந்துவது மனித இயல்பு. சங்கிலியைப் பூட்டியது துஆ அல்ல. நோயுற்ற மனிதரைக் கண்ணில் படாமல் எங்காவது விட்டுவிட வேண்டும் என்று எண்ணிய குடும்பத்தாரின் வெட்கமும், அந்த வெட்கத்தை வைத்துக் காசு பார்த்தவர்களின் பேராசையுமே பூட்டின. இரும்புச் சங்கிலியைச் சட்டம் கழற்றிவிட்டது. வெட்கம் அப்படியே இருக்கிறது.

மனம் சோர்வது ஈமான் குறைவின் அடையாளம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். மிம்பரில் ஏறும் சிலரும் அப்படியே பேசிவிடுகிறார்கள். திருமறை என்ன சொல்கிறது? யஃகூப் நபி (அலை) அவர்கள் மகன் யூஸுபைப் பிரிந்த துயரத்தால் அழுதழுது அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று பன்னிரண்டாம் அத்தியாயம் கூறுகின்றது. அவர்களோ நபி! அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று மக்களுக்குச் சொன்னவர்களும் அவர்களே. நம்பிக்கையும் கண்ணீரும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மர்யம் (அலை) அவர்களின் வரலாறு இன்னும் ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. பேறுகால வேதனையில், ஊராரின் பேச்சுக்கு அஞ்சித் தனியே பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கியபோது, இதற்கு முன்பே நான் இறந்து மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்கியதைப் பத்தொன்பதாம் அத்தியாயம் மறைக்கவில்லை. அதற்கு வந்த பதிலைப் பாருங்கள். கண்டிப்பு ஒரு சொல்கூட இல்லை. கவலைப்படாதீர் என்ற ஆறுதல் முதலில், காலடியில் நீரோடை, குலுக்கினால் உதிரும் கனிந்த பேரீச்சம்பழம், உண்ணும், பருகும், கண் குளிர்ந்திரும் என்ற கட்டளை. ஊராருக்குப் பதில் சொல்லும் சுமையையும் அன்றைக்கு அவர்களிடமிருந்து இறைவன் இறக்கிவிட்டான். வாழ்வு வெறுத்துப்போன ஓர் உள்ளத்தை எப்படி அணுக வேண்டும் என்பதற்கு, மதரஸாவில் ஓதிய காலத்தில் நான் இந்த வசனங்களை ஒரு பாடமாக எண்ணியதில்லை. இலக்கணம் பார்த்தோம், தஃப்ஸீர் பார்த்தோம், இதைப் பார்க்கவில்லை.

நபி பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலும் துயர ஆண்டு என்றே பெயர் பெற்ற ஓர் ஆண்டு உண்டு. அன்னை கதீஜா (ரலி) அவர்களையும், பெரிய தந்தை அபூதாலிபையும் இழந்த ஆண்டு. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் காவல் தேடும் துஆவை அவர்கள் அடிக்கடி ஓதி வந்தார்கள் என்று புகாரியில் காண்கிறோம். அபூஉமைர் என்ற சிறுவன் வளர்த்த சிட்டு இறந்துபோனபோது, அந்தப் பறவையைக் குறித்து அவனிடம் பரிவோடு விசாரித்தார்கள். மதீனாவின் ஆட்சிப் பொறுப்பைச் சுமந்திருந்தவர்களுக்கு ஒரு சிறுவனின் குருவி அற்பமாகத் தோன்றவில்லை. நமக்கோ, மகன் தேர்வில் தவறியதால் படும் துயரம் ‘இதெல்லாம் ஒரு கவலையா?’ என்று தோன்றுகிறது.

நோயைத் தந்த இறைவன் மருந்தையும் தந்திருக்கிறான், ஆகவே மருந்து செய்யுங்கள் என்பதும் அவர்களின் கட்டளையே. இதில் உடல்நோய், மனநோய் என்ற பிரிவினை கிடையாது. ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல்களின் நலத்தையும் உள்ளங்களின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். துக்கம் இருவகைப்படும் என்றார் அவர். ஒன்று, காரணம் தெரிந்தது. அதற்கு ஆறுதலான பேச்சும் அறிவுரையும் பயன் தரும். மற்றது, காரணமே தெரியாமல் நெஞ்சை அழுத்துவது. அதன் வேர் உடலில் இருக்கிறது, அதற்கு உடலுக்குச் செய்யும் மருத்துவம் வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது!

இனி, என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், இஷாத் தொழுகை முடிந்து அனைவரும் கலைந்த பிறகு, பொறியியல் படிக்கும் மாணவன் ஒருவன் என்னிடம் வந்து அமர்ந்தான். இரவில் உறக்கமில்லை என்றான். படிப்பது எதுவும் நிற்கவில்லை, தொழுகையில் நின்றாலும் மனம் ஒட்டவில்லை என்றான். அவன் முடிப்பதற்குள் நான் மருந்தைச் சொல்லிவிட்டேன்: ஷைத்தானின் வஸ்வாஸ் அது, ஐவேளையும் ஜமாஅத்தோடு தொழு, இன்னின்ன திக்ருகளை இத்தனை முறை ஓது, எல்லாம் சரியாகிவிடும். அவன் ஸலாம் சொல்லி எழுந்து போனான். பிறகு வரவில்லை. சரியாகிவிட்டது போலும் என்று நான் மறந்தும் போனேன்.

படிப்பைப் பாதியில் விட்டு, ஒன்றரை ஆண்டு வீட்டு மாடியறையை விட்டு வெளியே வராமல் அவன் கிடந்தது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. மதுரையிலிருந்த தாய்மாமன் வந்து, யார் என்ன சொன்னாலும் சரி என்று அழைத்துச்சென்று மனநல மருத்துவரிடம் காட்டினார். மாதக்கணக்கில் மருந்து உட்கொண்டான். தேறினான். இப்போது வளைகுடாவில் நல்ல வேலையில் இருக்கிறான். விடுப்பில் வந்தபோது என்னைப் பார்க்க வந்தான். பழைய இரவை அவனே நினைவூட்டினான்.

“நீங்கள் சொன்னதை எல்லாம் விடாமல் ஓதினேன், ஹஜ்ரத். ஓதியும் சரியாகவில்லை. அதனால் அல்லாஹ்வே என்னைக் கைவிட்டுவிட்டான் என்று முடிவு செய்துகொண்டேன்.”

குறையாக அவன் அதைச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். திக்ரில் பிழையில்லை. மருத்துவரிடம் போ என்ற சொல்லை அதோடு சேர்க்காத என்னிடம்தான் பிழை. காய்ச்சலோடு வந்திருந்தால், ஓதி ஊதிவிட்டு, ‘நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று சொல்லியிருப்பேன் அல்லவா?

அன்றிலிருந்து என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். யார் வந்தாலும் முதலில் பேசவிடுகிறேன். உறக்கம், உணவு, படிப்பு இவை குலைந்து இரண்டு வாரமாகிவிட்டதா என்று கேட்கிறேன். அவசியம் என்று பட்டால், “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேட்டுவிடுகிறேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைப்பதாகாதா என்று முன்பு நானும் அஞ்சினேன். மனநல வல்லுநர்கள் அவ்வாறில்லை என்கிறார்கள். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். ‘ஆம்’ என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடுவதில்லை. வீட்டாரில் அவர் நம்பும் ஒருவரை வரவழைத்து, மருத்துவரிடம் சேர்க்கும்வரை உடனிருப்பதுதான் அப்போது கடமை. இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இயங்கி வருகிறது; தொலைவு ஒரு சாக்கல்ல.

வழக்கு வந்துவிடும் என்று பலர் மருத்துவமனைக்குப் போகவே அஞ்சுகிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டித்தல் ஆகாது, அவருக்குச் சிகிச்சையளிப்பது அரசின் கடமை என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. நோயாளியின் செய்தியை மருத்துவர் இரகசியமாகக் காக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. சபையில் பேசப்படுவது அமானிதம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் முன்பே சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர் காக்கும் அந்த அமானிதத்தை, மருந்துச் சீட்டை எட்டிப் பார்க்கும் அண்டை வீட்டாரும் காக்க வேண்டாமா? “இன்னார் வீட்டுப் பெண் மனநல டாக்டரிடம் போகிறதாம்” என்று திண்ணையில் பேசுவது புறமன்றி வேறென்ன?

இன்னொன்றும் எழுத வேண்டும், தயக்கத்தோடு எழுதுகிறேன். தற்கொலை பெரும்பாவம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்படி ஒரு பிள்ளையை இழந்த வீட்டின் வாசலில் நின்று, அவன் நரகவாசி என்று தீர்ப்புச் சொல்ல நம்மில் யாருக்கும் அதிகாரம் இல்லை. அவனுக்கு ஜனாஸாத் தொழுகை உண்டு என்பதே ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளின் முடிவு. துஃபைல் இப்னு அம்ரு (ரலி) அவர்களோடு ஹிஜ்ரத் செய்து வந்த ஒருவர், நோயின் வேதனை தாங்காமல் தம் உயிரைப் போக்கிக்கொண்டார். அவருக்காகப் பெருமானார் (ஸல்) அவர்கள் பாவமன்னிப்புக் கேட்டு இறைஞ்சினார்கள் என்ற ஹதீது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அந்த உம்மா காதில் விழும்படி நாம் எதைச் சொல்லப்போகிறோம் என்பதை ஜனாஸா வீட்டுக்குப் புறப்படும் முன்பே முடிவு செய்துகொண்டு போவது நல்லது.

கல்லூரி நிர்வாகங்களில் பொறுப்பில் இருக்கும் நம் பெரியவர்கள் இக்கரையில் பலர். உச்ச நீதிமன்றத்தின் நெறிமுறைகளைக் கோப்பில் கட்டி வைக்காமல், ஆண் மாணவர்க்கு ஒருவர், பெண் மாணவியர்க்கு ஒரு பெண்மணி என உண்மையான ஆலோசகர்களை அமர்த்த வேண்டுகிறேன். அந்த அறை முதல்வர் அலுவலகத்தின் எதிரில் இருக்கலாகாது. போவோர் வருவோர் பார்வை படாத இடத்தில், நூலகத்தின் பக்கமாக இருந்தால் பிள்ளைகள் வருவார்கள். வெளிநாட்டிலிருக்கும் வாப்பாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் மகனிடம் பேசும்போது மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். இரவு நன்றாக உறங்கினாயா என்று கேளுங்கள். ‘அரியர்’ இருந்தாலும் சொல், நான் கோபிக்க மாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். முதல் நாள் அவன் ஒன்றும் சொல்லமாட்டான். மூன்றாம், நான்காம் முறை சொல்லக்கூடும்.

2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற தொலைபேசி எண் இந்தியா முழுதும் செயல்பட்டு வருகிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். எடுத்துப் பேசுகிறவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவையானால் மனநல மருத்துவரோடு இணைப்பார். பிள்ளையைக் குறித்துக் கவலைப்படும் பெற்றோரும் அதே எண்ணில் பேசலாம். பள்ளிவாசலில் தொழுகை நேரப் பலகைக்குப் பக்கத்தில் இந்த எண்ணை எழுதி வைக்கும்படி எங்கள் மஹல்லாவின் நிர்வாகத்தாரிடம் கேட்டிருக்கிறேன். சுவரில் இடமில்லை என்றார் ஒருவர். வாடகைப் பாத்திரங்களின் விலைப்பட்டியல் தொங்கும் இடத்தைக் காட்டியிருக்கிறேன். பெண்கள் மதரஸாக்களில் உஸ்தாத் பெண்மணிகள் அதைப் பலகையில் எழுதிப்போட எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.